கடைசி இலக்கம்

காலை ஐந்தரைக்கு அலாரம் அடிக்கும். அவன் எழுந்து அதை நிறுத்துவான். பல் தேய்ப்பான். பாலை அடுப்பில் வைப்பான். அது காய்வதற்குள் வாசலுக்குப் போய், சுவரோரப் பெட்டியின் மூடியைத் தூக்கி, வீட்டுத் தண்ணீர் மீட்டரைப் பார்த்துவிட்டு வருவான். யாரும் பார்க்கச் சொல்லவில்லை. குடிநீர் அலுவலகத்தில் மீட்டர் இன்ஸ்பெக்டராக இருப்பவனுக்கு அது கைப்பழக்கம். இரண்டு காபி கலப்பான். ஆறு மணிக்கு மனைவி எழுந்து குளியலறைக்குள் போவாள். ஆறு ஐந்துக்கு உள்ளேயிருந்து ஒரு எண் வரும்.

“நானூத்தி ஐம்பது!”

“சபாஷ்!” என்பான் அவன்.

ஐந்து நாட்களாக அந்த வீட்டில் பொழுது இப்படித்தான் விடிந்தது.

எண் வேறொன்றுமில்லை, அவளுடைய சிறுநீரின் அளவு. முதுகு வலிக்கிறது, கால் லேசாக வீங்குகிறது, போவதே குறைந்துவிட்டது என்று போன வாரம் டாக்டரிடம் போனார்கள். ஸ்கேனில் வலது சிறுநீரகம் கொஞ்சம் வீங்கியிருந்தது. கீழே நாலு மில்லிமீட்டரில் ஒரு கல். கல் கிடைத்ததும் எல்லோருக்கும் நிம்மதி. திருடன் அகப்பட்டுவிட்டான், இனி என்ன? “தண்ணி நிறைய குடிங்க. எவ்வளவு போகுதுன்னு தினமும் அளந்து எழுதுங்க. ஒரு நாள் மொத்தம் எண்ணூறு மில்லிக்குக் கீழே போச்சுன்னா அன்னைக்கே வந்து அட்மிட் ஆகிடணும். இல்லேன்னா அடுத்த வாரம் வந்தா போதும்” என்றார் டாக்டர்.

அளக்கச் சொன்னது யாரிடம்! அவள் ஒரு கல்லூரியின் வேதியியல் ஆய்வக உதவியாளர். மாணவர்கள் அவளை ‘லேப் அக்கா’ என்பார்கள். பியூரெட் என்னும் கோடு போட்ட கண்ணாடிக் குழாயில் கண்ணை நீர்மட்டத்துக்கு நேராக வைக்காமல் மேலேயிருந்து பார்த்து எழுதும் பிள்ளைகளின் தலையில் நோட்டாலேயே தட்டுவாள். அன்றே கல்லூரியிலிருந்து உடைந்த விளிம்புள்ள ஓர் அளவு ஜாடியைக் கேட்டு வாங்கி வந்துவிட்டாள். சமையலுக்கு யாரும் எடுத்துவிடக் கூடாதென்று அதன்மேல் சிவப்பு மையில் ‘விஷம்’ என்று எழுதி ஒட்டினாள். பக்கத்துத் தெருவிலிருந்து பெண்ணைப் பார்க்க வந்த மாமியார் அதைப் பார்த்துவிட்டு மாப்பிள்ளையைத் தனியாக அழைத்தார்.

“மாப்பிள்ளை, உங்களுக்குள்ள ஏதாவது சண்டையா?”

“இல்லையே அத்தை.”

“அப்புறம் குளியலறையில எதுக்கு விஷம்?”

விஷயம் தெரிந்ததும் அவருக்கு வந்த சிரிப்பில் இருமலும் வந்து, அவருக்கே ஒரு டம்ளர் தண்ணீர் கொடுக்க வேண்டியதாயிற்று. “கல்லுதானே! என் பெரியம்மா பொண்ணுக்கு நெல்லிக்காய் அளவு வந்துச்சு. பார்லித் தண்ணி குடிச்சே கரைச்சா” என்றார். அன்றிலிருந்து தினமும் ஒரு பாத்திரம் பார்லித் தண்ணீர் வந்தது.

ஆறாவது நாள் காலை. எண் வந்தது, சபாஷ் போனது, அவள் குளிக்கத் தொடங்கினாள். அளவு எழுதும் நோட்டு குளிர்சாதனப் பெட்டிமேல் திறந்து கிடந்தது. அவன் இதுவரை அதை எடுத்துப் பார்த்ததில்லை. அவள் எழுதியதைச் சரிபார்ப்பது, தராசையே தராசில் வைப்பது மாதிரி. அன்றும் பார்க்கும் எண்ணத்தில் எடுக்கவில்லை. காபி டம்ளரை வைக்க இடம் வேண்டியிருந்தது.

ஆனால் அலுவலகத்தில் பத்து வருடம் பழகிய விரல் சும்மா இருக்குமா? அது தானாகவே எண்களின் கடைசி இலக்கத்தின் மேல் மேலிருந்து கீழாக இறங்கியது.

அவன் பிழைப்பே அதுதான். அவனுக்குக் கீழே பன்னிரண்டு பேர் வீடு வீடாகப் போய் மீட்டர் பார்த்து எழுதுகிறார்கள். அதில் சில புண்ணியவான்கள் தெருப்பக்கமே போகாமல் டீக்கடையில் உட்கார்ந்து எழுதிவிடுவார்கள். அவர்களைப் பிடிக்க அவன் வெயிலில் அலைவதில்லை. நோட்டைப் புரட்டினால் போதும். உண்மை எண் கரடுமுரடாக இருக்கும். மூன்றில் முடியும், எட்டில் முடியும், ஏழில் முடியும். பொய் எண் பூஜ்யத்திலும் ஐந்திலும் போய் வசதியாக உட்கார்ந்துகொள்ளும். மை ஒரே மையாக இருக்கும். சோம்பேறித்தனம் முற்றினால் நாளைக்குப் பார்க்க வேண்டிய வீட்டின் எண்ணும் இன்றைக்கே எழுதப்பட்டிருக்கும்.

ஆயிரத்து நானூற்று ஐம்பது. ஆயிரத்து நானூறு. ஆயிரத்து ஐந்நூற்று ஐம்பது. ஆயிரத்து ஐந்நூறு. ஆயிரத்து நானூற்று ஐம்பது. ஒரே மை. கீழே ‘இன்றைய மொத்தம்’ என்ற கட்டத்திலும் ஆயிரத்து ஐந்நூறு என்றிருந்தது.

மணி காலை ஆறு பத்து.

அவள் தலையைத் துவட்டிக்கொண்டு வெளியே வந்தபோது அவன் நோட்டைப் பிடித்தபடி நின்றான்.

“இன்னைக்கு சாயந்திரம் வரைக்கும் எவ்வளவு போகும்னு ஜோசியம் பார்த்தியா?”

அவள் துண்டை முகத்துக்கு இழுத்துக்கொண்டாள்.

“அது… கட்டம் காலியா இருந்துச்சுன்னு…”

“பொய் எழுதணும்னா ஒழுங்கா எழுதத் தெரியணும், லேப் அக்கா. எல்லாமே பூஜ்யத்துல முடியுது. என் ஆளுங்கள்ல படிக்காதவன்கூட இதைவிட நல்லா எழுதுவான். கடைசி இலக்கத்தை மாத்தி மாத்திப் போடணும். ஏழுல முடிக்கணும். ஏழுன்னு எழுதினா எவனும் சந்தேகப்பட மாட்டான்.”

“அடுத்த தடவை ஞாபகம் வச்சுக்கறேன்.”

“நேத்து உண்மையா எவ்வளவு?”

அவள் ஜன்னலைப் பார்த்தாள். “இருநூத்தி பதிமூணு.”

அந்த எண் உண்மை என்பது அவனுக்கு உடனே தெரிந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

“ஏன்?”

“பிராக்டிகல் பரீட்சைங்க. இன்னும் ரெண்டு நாள், நாலு பேட்ச். கரைசல் எல்லாம் நான்தான் கலக்கி வச்சிருக்கேன். நான் போய்ப் படுத்துட்டா புரொபசர் ஆசிட் பாட்டிலையும் ஆல்கலி பாட்டிலையும் மாத்தி வச்சுடுவார். போன வருஷம் வச்சார். அறுபது பிள்ளைங்க பெயில் ஆகிடும். கல்லுதானே, ரெண்டு நாள்ல என்ன ஆகிடப் போகுதுன்னு…”

“பிள்ளைங்க ரீடிங்கைச் சமைச்சு எழுதினா தலையில தட்டுவியே, இப்ப உன் தலையில யார் தட்டறது?”

அவள் நோட்டை வாங்கித் தன் தலையில் தானே ஒரு தட்டுத் தட்டிக்கொண்டாள். அவனுக்குச் சிரிப்பு வரக் கூடாத நேரம். வந்துவிட்டது.

அடுத்த பத்து நிமிஷத்தில் ஆட்டோவில் இருந்தார்கள். வழியில்தான் கல்லூரி. ஆட்டோவை விட்டு இறங்கவே கூடாது என்ற நிபந்தனையின் பேரில் அவன் வாசலில் நிறுத்தச் சம்மதித்தான். அவள் போனில் எழுப்பிய புரொபசர், கல்லூரிக் குடியிருப்பிலிருந்து இடுப்பு பெல்ட்டைச் சரிசெய்தபடி ஓடி வந்தார். அவள் சாவிக்கொத்தை ஆட்டோவுக்குள்ளிருந்தே நீட்டினாள்.

“சார், இடது கைப் பக்கம் ஆசிட். வலது கைப் பக்கம் ஆல்கலி. உங்க இடது கை சார், பிள்ளைங்களோட இடது கை இல்ல.”

“தெரியும்மா, நான் முனைவர் பட்டம் வாங்கினவன்.”

“அதனாலதான் சார் சொல்றேன்.”

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள். உப்பு ஏகமாக ஏறிவிட்டது என்றார் சிறுநீரக அறுவை டாக்டர். இவர் புதியவர், நரைத்த மீசை, சிரிக்கும் கண். “எந்த உப்பு சார்? கண்டுபிடிச்சுக் குடுக்கறதுதான் என் வேலையே” என்றாள் அவள். அவர் ஒரு நிமிஷம் அவளைப் பார்த்துவிட்டு, அவனைப் பார்த்து, “இவங்க எப்பவுமே இப்படியா?” என்றார்.

“இன்னைக்குக் கொஞ்சம் அடக்கம் சார்.”

மறுபடி ஸ்கேன். ஆறே நாளில் இரண்டு சிறுநீரகமும் தண்ணீர் நிரப்பிய பலூன் மாதிரி வீங்கியிருந்தன. ஆனால் கல் பழைய இடத்தில் இல்லை. அது என்றைக்கோ தானாக வெளியே போய்விட்டிருந்தது. பார்லித் தண்ணீருக்கு வெற்றி. அப்படியானால் அடைத்திருப்பது எது?

டாக்டர் படத்தைத் திரையில் போட்டுக் காட்டினார். “சிறுநீரகத்துல இருந்து மூத்திரப்பைக்கு ரெண்டு குழாய் இறங்குது. ரெண்டுக்குள்ளயும் எந்த அடைப்பும் இல்லை. ஆனா இந்த இடத்துல ரெண்டுமே நசுங்கியிருக்கு.”

அவன் படத்தின் பக்கத்தில் போய் நின்றான். “வெளியில இருந்து அழுத்தமா சார்?”

“எப்படிச் சொல்றீங்க?”

“எங்க ஏரியாவில ஒரு தெருவுக்குத் தண்ணி வரலை. ஒரு வாரம் குழாய்க்குள்ளயே அடைப்பைத் தேடினோம். கம்பி விட்டோம், காத்து அடிச்சோம். கடைசியில தோண்டிப் பார்த்தா, எவனோ கட்டின மதில் சுவரோட அஸ்திவாரம் குழாய்மேல உட்கார்ந்திருந்துச்சு. உள்ளே சுத்தமா இருந்துச்சு சார்.”

டாக்டர் நாற்காலியில் சாய்ந்தார். “நாலு வருஷம் மேல்படிப்பு படிச்சு நான் கத்துக்கிட்டதை நீங்க மண்வெட்டியை வச்சே கத்துக்கிட்டீங்க. அதேதான். இங்கேயும் ஒரு மதில் சுவர் இருக்கு.”

அப்புறம் அவர் சிரிக்கவில்லை. காலில் புண் வந்தால் தொடை இடுக்கில் நெறி கட்டுமே, அதே நெறி உடம்புக்குள்ளேயும் இருக்கிறது. முதுகெலும்பை ஒட்டி வரிசையாக இருக்கிறது. அவை பெருத்துத் திரண்டு இரண்டு குழாயையும் நெருக்குகின்றன என்றார். லிம்போமா, அதாவது நிணநீர்ப் புற்றுநோயாக இருக்கலாம், ஊசியால் சதை எடுத்துப் பார்த்தால்தான் உறுதி. சிறுநீர் அடைப்புக்கு இது அபூர்வமான காரணம். தன்னுடைய பதினெட்டு வருஷத்தில் இவள் மூன்றாவது ஆள். “அது அடுத்த வாரத்துக் கவலை. இன்னைக்குக் கவலை தண்ணி. சிறுநீரகம் மீண்டாத்தான் மருந்தே ஏத்த முடியும். முதல்ல வழியைத் திறப்போம்.”

“சார், அந்த ஆறு நாள்…” என்று அவன் இழுத்தான்.

“சீக்கிரம் வந்திருந்தா வீக்கம் குறைவா இருந்திருக்கும். கட்டி கட்டிதான். அதை நோட்டுல எழுதி யாரும் வரவழைக்கலை” என்றார் டாக்டர்.

கட்டிலில் இருந்தவள் அவன் கையைச் சுரண்டினாள். “இன்ஸ்பெக்டர், ஒரு ஒப்பந்தம். இனிமே நான் ஒரு மில்லிகூடப் பொய் சொல்ல மாட்டேன். நான் சொல்ற எண்ணை நீங்க நோட்டைப் புரட்டாம நம்பணும்.”

“சரி.”

“எனக்கும் யாரும் பொய் எண் சொல்லக் கூடாது.”

“சரி.”

மதியம் வலதுபக்கம் கீழ்வழியாக மெல்லிய குழாய் ஒன்றை உள்ளே செலுத்தி, நசுங்கிய இடத்தைத் தாங்கி நிறுத்தினார்கள். இடதுபக்கம் குழாய்க்கு வழிகாட்டும் கம்பியே ஏறவில்லை. முதுகு வழியாகத் துளையிட்டு நேராகச் சிறுநீரகத்துக்கே ஒரு குழாய் வைத்து, அதன் முனையில் பை கட்டினார்கள். சாயந்திரம் நாலு மணிக்கு அவளை வார்டுக்குக் கொண்டுவந்தபோது பை காலி. நாலு பத்துக்கு ஒரு சொட்டு. அப்புறம் ஒரு சொட்டு. மாமியார் கட்டில் காலருகே குனிந்து பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“மாப்பிள்ளை, வருது.”

“வருது அத்தை.”

“நிக்காம வருது மாப்பிள்ளை!”

வந்தது. அணை திறந்த மாதிரி வந்தது. ஒரு மணி நேரத்தில் பை நிறைந்தது. நர்ஸ் வந்து காலி செய்தாள், மறுபடி நிறைந்தது. ‘விஷம்’ ஜாடியையும் வீட்டிலிருந்து வரவழைத்தாயிற்று. இதுவரை அடங்கியிருந்ததெல்லாம் வெளியே பாய்வதால் அதற்கு ஈடாகக் கையில் மருந்துநீர் ஏற்றிக்கொண்டே இருக்க வேண்டும், அதனால் ஒரு சொட்டு விடாமல் அளக்க வேண்டும் என்றாள் நர்ஸ். அவன் தரையில் மண்டியிட்டு, கண்ணை நீர்மட்டத்துக்கு நேராக வைத்து, எண்ணைச் சொன்னான். அவள் படுத்தபடியே கூட்டினாள். மறுநாள் சாயந்திரம் நாலு மணிக்கு மொத்தம் ஐயாயிரத்து எண்ணூற்று அறுபத்து மூன்று.

மாமியார் குழந்தை பிறந்த செய்தி சொல்வதுபோல உறவு முழுக்கப் போன் போட்டார். “ஆமா, ஐயாயிரத்து எண்ணூறு! சுகம்தான், சுகமான போக்கு!” எதிர்க் கட்டில் நோயாளியின் தங்கை எதற்கென்று தெரியாமலே கைதட்டினாள்.

பரீட்சையில் அறுபது பேரும் பாஸ் என்று அதே வாரம் புரொபசர் வந்து சொன்னார். ஆசிட் பாட்டிலைத் தொடுவதற்கு முன்னால் இடது கையில் பேனாவால் ஒரு ‘இ’ எழுதிக்கொண்டாராம்.

ஊசிப் பரிசோதனை டாக்டர் சொன்னதையே சொன்னது. லிம்போமா. நாலாவது நாளே உப்பு பாதியாக இறங்கியிருந்தது. அடுத்த வாரம் முதல் மருந்து ஏற்றினார்கள். முடி கொட்டியது. “பியூரெட் மாதிரி பளபளன்னு இருக்கேன், அளவுக்கோடு மட்டும்தான் பாக்கி” என்று அவள் கண்ணாடியைப் பார்த்துச் சொன்னாள். இரண்டாவது சுற்றில் கட்டி பாதியானது. நாலாவது சுற்று முடிந்ததும் முதுகுக் குழாயையும் உள் குழாயையும் எடுத்தார்கள். எடுத்த அன்று தன் வழியில் தானாகப் போன முதல் அளவை அவள் குளியலறையிலிருந்து கூவினாள்: “முந்நூத்தி முப்பத்தெட்டு!” தெருவில் போன தபால்காரர் நின்று பார்த்துவிட்டுப் போனார்.

பதினான்கு மாதம் நன்றாக இருந்தாள். ஆய்வகத்துக்குப் போனாள். இரண்டு பிராக்டிகல் பரீட்சை நடத்தினாள். முடி சுருட்டையாக வளர்ந்தது. அதில் அவளுக்குப் பெருமை. அவன் நோட்டைப் புரட்டவே இல்லை. அவள் சொன்ன எண்ணெல்லாம் கரடுமுரடாக இருந்தது.

பிறகு கட்டி திரும்பி வந்தது. பழைய இடத்துக்கே வந்தது. வேறு மருந்து கொடுத்தார்கள். கட்டி அதைச் சட்டைசெய்யவில்லை. மறுபடி முதுகில் குழாய், மறுபடி பை. இந்த முறை அணை திறக்கவில்லை. டாக்டர் அவளுக்கே நேராகச் சொன்னார். அவள் தலையாட்டிவிட்டு, “ஜாடி மட்டும் கல்லூரிச் சொத்து, திருப்பிக் குடுத்துடுங்க” என்றாள். அதை அவன் இன்னும் செய்யவில்லை.

கடைசி வாரம் ஜன்னலோரக் கட்டில். வழக்கம்போல அவன்தான் மண்டியிட்டு அளந்தான். நர்ஸின் அட்டையில் உண்மை எண் ஏறியது. அதை அவன் அவள் காதில் விழாமல் நர்ஸிடம் வராந்தாவில் சொல்லிவிட்டு வருவான். அறைக்குள், “எவ்வளவு?” என்று அவள் கேட்கும்போது வேறு எண் சொல்வான். வீட்டு நோட்டிலும் அதையே எழுதுவான். ஒப்பந்தத்தை அவன்தான் முதலில் மீறினான். தொண்ணூற்று நாலு இருநூறானது. அறுபத்தொன்று நூற்றைம்பதானது. மாமியார் அதைக் கேட்டுவிட்டுக் கொஞ்சம் சாப்பிடுவார். அவளும் கண்ணை மூடிக்கொண்டு சிரிப்பாள். அது போதும் என்று அவனுக்கு இருந்தது.

அவள் மாலையில் போனாள். மதியத்துக்குப் பிறகு பேசவே இல்லை. கடைசியாக என்ன சொன்னாள் என்று வந்தவர்கள் எல்லோரும் கேட்டார்கள். “‘அவரை நல்லாப் பார்த்துக்கோம்மா’ன்னு சொன்னா” என்று மாமியார் எல்லோருக்கும் சொன்னார். சொல்லிச் சொல்லி அவருக்கே அது நடந்ததாகிவிட்டது. அவன் மறுக்கவில்லை. இன்றும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்து அவனைப் பார்த்துக்கொள்கிறார். பார்லித் தண்ணீர்கூடக் கொண்டுவருகிறார்.

நடந்தது இது. அன்று காலை பதினொன்றரை மணி. ஜன்னல் வழியாக நல்ல வெயில். அவன் ஜாடியை வைத்துவிட்டு எழுந்தான். ஜாடியில் நாற்பத்திரண்டு.

“எவ்வளவு?”

“இருநூறு,” என்றான். நோட்டில் எழுதினான்.

அவள் கையை நீட்டினாள். தண்ணீருக்கு என்று நினைத்து டம்ளரைக் கொடுத்தான். இல்லையென்று தலையசைத்தாள். நோட்டு. கொடுத்தான். அதைத் தூக்கிப் பிடிக்க அவளால் முடியவில்லை, அவன் பிடித்துக்கொண்டான். இருநூறு. நூற்றைம்பது. இருநூற்றைம்பது. இருநூறு. அவள் ஆள்காட்டி விரல் கடைசி இலக்கத்தின் மேல், மேலிருந்து கீழாக, மெதுவாக இறங்கியது. அடிவரைக்கும் வந்து நின்றது. அவனுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அவள் நோட்டை அவன் கையோடு சேர்த்து இழுத்து, தலையை எட்ட முடியாமல் அவன் மணிக்கட்டில் ஒரு தட்டுத் தட்டினாள். கண்ணில் பழைய குறும்பு அப்படியே இருந்தது.

“ஏழுல முடிங்க, இன்ஸ்பெக்டர்.”